கோத்தா திங்கி மலைகள்: உயரத்தை நம்பாதீர்கள், நேரத்தை நம்புங்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் சாலையில் வடக்கே போகும்போது, செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் இடப்பக்கம் தட்டையான உச்சியுடன் ஒரு மலை தெரியும். அதுதான் குனோங் பாந்தி. அதற்கு மேற்கே, புகழ்பெற்ற கோத்தா திங்கி அருவி இறங்கிவரும் மலை குனோங் முந்தாஹாக். பாந்தியின் உயரம் சுமார் 500 மீட்டர். முந்தாஹாக் 600 மீட்டரைச் சற்றே தாண்டும். ஊட்டியே 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே, இதெல்லாம் ஒரு மலையா என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தோன்றும். ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. இந்த அத்தியாயம் அந்தக் கணக்கை மாற்றுவதற்காக எழுதப்பட்டது.

இங்கே ஏற்றம் தொடங்குவது ஏறக்குறைய கடல் மட்டத்தில். காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. உடல் சூடு இறங்காது. மரக்கூரையின் கீழ் நூறு அடி தூரம்கூடத் தெளிவாகத் தெரியாது. வேர், சகதி, பிரம்பு முள், ஓடை, விழுந்து கிடக்கும் பெருமரம் என்று ஒவ்வொன்றும் உங்கள் நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் தொடங்கியபோது, காட்டில் நடக்கவும் போரிடவும் படைவீரர்களைப் பழக்குவதற்குப் பிரிட்டிஷ் இராணுவம் தேர்ந்தெடுத்த வட்டாரம் இது. மலேசியத் தரைப்படையின் போர்ப் பயிற்சி மையமான புலாடா இன்றும் ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்கு வரும் வழியில்தான் இருக்கிறது. உயரம் குறைந்த காடாக இருந்தும் ஓர் இராணுவம் அதைப் பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்டது.

போய்ச் சேரும் வழி

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூட்டரசுச் சாலை எண் 3 நேரே ஊருக்குள் கொண்டுவந்து விடும். லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தும் உண்டு. ஆனால் பேருந்து டவுனோடு நின்றுவிடும். அருவி இருக்கும் லொம்போங் பகுதி டவுனிலிருந்து வடமேற்கே 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பாந்தி அடிவாரத்துக்கு மெர்சிங் சாலையிலிருந்து உள்ளே போகவேண்டும். காடி இல்லாதவர்கள் கிராப் செயலி வண்டியிலோ வாடகைக் காரிலோ போகலாம். போவது எளிது, திரும்பி வருவதுதான் சிக்கல்: மாலையில் அங்கே வண்டி கிடைக்காது. ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தைப் பேசி முடித்துவிட்டே இறங்குங்கள்.

முந்தைய இரவு டவுனில் தங்குவதே நல்லது. விடியற்காலையில் ரொட்டி சானாயோ நாசி லெமாக்கோ வயிறாரப் பசியாறிவிட்டு, வெயில் ஏறுமுன் காட்டுக்குள் கால் வைக்கலாம். முதல் நாள் மாலை நேரம் மிஞ்சினால் கம்போங் மக்காமுக்குப் போய்வாருங்கள். 1699இல் கொல்லப்பட்ட ஜொகூர் சுல்தான் இரண்டாம் மஹ்மூட் ஷாவின் கல்லறை அங்கே இருக்கிறது.

எந்த மாதம்

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை. டிசம்பரும் ஜனவரியும் மிக மோசமானவை. 2006 டிசம்பரிலும் அடுத்து 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி டவுன் இரண்டு முறை வெள்ளத்தில் மூழ்கியது. ஜொகூர் ஆறு கரை மீறும்போது டவுனுக்கே அந்த நிலை என்றால், மலை ஓடைகளின் வேகத்தைச் சொல்லவேண்டியதில்லை. அந்த மாதங்களில் இந்த மலைகளை விட்டுவிடுங்கள். 2023 மார்ச்சிலும் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. ஆகவே மார்ச் பிறந்துவிட்டது என்பதற்காகத் துணிய வேண்டாம்.

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஏறுவதற்கு ஏற்ற காலம். அப்போதும் மழை வரும். பருவம் மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் கொட்டும். ஆகவே மதியத்துக்குமுன் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மேலே நிற்கும்போது இடி கேட்டால் படம் எடுப்பதை விட்டுவிட்டு இறங்குங்கள்.

அனுமதியும் வழிகாட்டியும்

இந்த மலைகள் நிரந்தர வனக்காப்புப் பகுதிக்குள் இருக்கின்றன. ஏறுவதற்கு ஜொகூர் மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, மூடப்பட்ட வனத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். மழைக்காலத்திலும், மரணம் அல்லது வழி தவறிய சம்பவங்களுக்குப் பிறகும், பாதைகளை மூடிவிடுவார்கள். போன மாதம் நண்பர் ஏறினார் என்பது இந்த மாதம் பாதை திறந்திருப்பதற்குச் சான்றாகாது. பயணத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வன இலாகாவின் சான்று பெற்ற மலை வழிகாட்டிகளை இங்கே மாலிம் குனோங் என்பார்கள். அப்படி ஒருவர் இல்லாமல் ஏறாதீர்கள். பணம் பேசும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இந்தப் பாதையில் கடைசியாக எப்போது ஏறினார்? குழுவின் பின்வரிசையில் யார் வருவார்? எத்தனை மணிக்குத் திரும்புவது என்று அவர் வைத்திருக்கிறார்? மூன்றாவது கேள்விக்கு நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். “பார்த்துக்கொள்ளலாம்” என்கிறவரை விட்டுவிடுங்கள்.

வழிகாட்டி மலாய்க்காரராகவோ, ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினராகவோ இருக்கலாம். மூத்தவரைப் ‘பாக்’ என்றும், உங்கள் வயதை ஒட்டியவரை ‘அபாங்’ என்றும் கூப்பிடுங்கள். கோத்தா திங்கி மாவட்டத்தில் ஜக்குன் மக்கள் வாழ்கிறார்கள். தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி இனங்களில் மிகச் சிறியதான ஓராங் கானாக் மக்களின் ஊரும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர்களின் வீட்டையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. காட்டில் விசில் அடிக்காதே, பெயர் சொல்லிக் கத்தாதே என்று வழிகாட்டி சொன்னால் விளக்கம் கேட்டு வாதாடாமல் கேட்டு நடங்கள். அந்தக் காட்டில் வாழ்ந்து பழகியவரின் சொல் அது.

நம் மக்கள் காட்டு வாசலில் முனியாண்டியை நினைத்துச் சூடம் ஏற்றுவது தோட்டக்காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்தப் பக்திக்குத் தோட்டத்துக் கோயிலிலேயே இடமிருக்கிறது. கும்பிட்டுவிட்டு வாருங்கள். வனத்துக்குள் நெருப்பு வேண்டாம், தேங்காய் மூடியும் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் வேண்டாம்.

நேரக் கணக்கு

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் மலையேறிகளுக்கு ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உலகம் முழுவதும் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 4 கிலோமீட்டர் நடையும் 400 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு அந்தக் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் போதும். அவர் மனத்தில் இருந்தது குளிர்ந்த, மரமற்ற ஸ்காட்லாந்து மேட்டு நிலம். ஜொகூர்க் காட்டில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் முதல் ஒன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பாதை மூன்று மணியிலிருந்து நான்கு மணி நேரம் எடுக்கும். வழுக்கும் மண்ணில் இறக்கமும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும்.

ஜொகூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய காலை 7 மணிக்கு உதித்து மாலை 7 மணிக்கு மறையும். மரக்கூரைக்குக் கீழே ஆறரைக்கே இருட்டிவிடும். ஆகவே நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்:

- காலை 7.30: ஏறத் தொடங்குதல்.
- பகல் 12.00: எங்கே நின்றாலும் திரும்புதல். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புதல்.
- மாலை 4.00: அடிவாரம். இரண்டரை மணி நேரம் கையிருப்பு.

காலில் சுளுக்கு, திடீர் மழை, ஏறிவிட்ட ஓடை, தவறவிட்ட திருப்பம் என எது வந்தாலும் அதைச் சமாளிக்க உதவுவது அந்த இரண்டரை மணி நேரம்தான். அதை உச்சியில் செலவழித்துவிடாதீர்கள். பன்னிரண்டு மணி விதியைக் குழுவில் எல்லோரும் முதல் நாள் இரவே ஒப்புக்கொள்ளட்டும். மேலே போனபிறகு பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

முதல் மலை: முந்தாஹாக்

புதிதாக ஏறுகிறவர்கள் இதில் தொடங்கலாம். ஏற்றம் அருவிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அருவி 30 மீட்டருக்கும் அதிக உயரத்திலிருந்து விழுகிறது. கீழே குளிக்கும் குளங்களும் பொழுதுபோக்கு வளாகமும் உண்டு; நுழைவுக் கட்டணம் கட்டவேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பகுதி வெள்ளீயச் சுரங்கமாக இருந்தது.

மலையேற்றம் பெரும்பாலும் அடர்ந்த தாழ்நிலக் காட்டின் ஊடே நடக்கிறது. மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்கள் மேலே. கீழே பிரம்பும் பெர்த்தாம் பனையும். பிரம்புக் கொடியின் வால் நுனியில் கொக்கி முட்கள் வரிசையாக இருக்கும். சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள். இரண்டடி பின்வாங்கினால் தானாகக் கழன்றுவிடும். விரிந்த காட்சி வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இந்த உச்சி ஏமாற்றம் தரலாம், மரங்கள் மறைக்கும். காட்டையே பார்க்க வருகிறவர்களுக்கு வழி நெடுக விருந்துதான். இறங்கியபின் அருவிக் குளத்தில் குளிக்கலாம், மேலே மழை இல்லாதவரை.

இரண்டாம் மலை: பாந்தி

பாந்தியின் உச்சி தட்டையாக இருப்பதற்குக் காரணம் அது மணற்கல் மலை என்பதுதான். கிடையாகப் படிந்த பாறை அடுக்குகள் மேலே தட்டாகவும், விளிம்பில் செங்குத்தாகவும் நிற்கின்றன. ஆகவே பாதையின் குணமும் இரண்டு வகை. முதல் பகுதி ஓடைகளைக் கடந்து காட்டுக்குள் போகும் நடை. கடைசிப் பகுதி வேரையும் கயிற்றையும் பிடித்து ஏறும் பாறைச் சரிவு. ஏற்கெனவே கட்டியிருக்கும் கயிற்றை அப்படியே நம்பாதீர்கள். வெயிலும் மழையும் அதை இற்றுப்போகச் செய்திருக்கும். வழிகாட்டி இழுத்துப் பார்த்தபின், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறுங்கள். கயிறு சமநிலைக்குத்தான், உடல் பாரத்தைக் கால்கள் தாங்கட்டும்.

மேலே போனதும் தாவரங்கள் மாறிவிடும். மணற்கல் தரும் மண் சத்தற்றது. மழைநீர் அதில் நிற்காமல் வடிந்துவிடும். பெருமரங்கள் முடிந்து, மெலிந்த மரங்களும் பெரணிகளும் தொடங்கும். மத்தோனியா பெக்டினாட்டா என்ற பெரணியை இங்கே தேடிப் பாருங்கள். அதன் இலை, காம்பின் நுனியிலிருந்து விரல்களை வட்டமாக விரித்ததுபோல் இருக்கும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் உலகின் பல பகுதிகளில் பரவியிருந்த குடும்பம் அது. இப்போது தென்கிழக்காசியாவின் சில இடங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. பறிக்காதீர்கள், வீட்டுத் தொட்டியில் அது பிழைக்காது.

பாந்தியின் அடிவாரக் காடு பறவை பார்ப்பவர்களிடம் நாடு தாண்டிப் பெயர் பெற்றது. மெர்சிங் சாலையிலிருந்து பிரியும் பங்கர் பாதையில் இருவாச்சிகளையும் அகன்ற அலகு கொண்ட பல நிறப் பறவைகளையும் தேடிப் பலர் வருகிறார்கள். மலை ஏற முடியாத பெற்றோருடன் வந்தால், அனுமதியோடு இந்தப் பாதையில் காலை நடையே போதும். இருவாச்சி பறக்கும்போது சிறகோசை தூரத்திலிருந்தே கேட்கும். நின்று மேலே பாருங்கள். ராஃபிள்ஸ் பட்டைக் குரங்கு என்ற கருங்குரங்கும் இந்தக் காட்டில் வாழ்கிறது. உலகில் அது எஞ்சியிருப்பது சிங்கப்பூரிலும் தீபகற்பத்தின் தென்பகுதியிலும் மட்டும். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். உணவு காட்டி அழைக்காதீர்கள்.

இந்த மாவட்டத்தில் காட்டு யானைகள் உண்டு. ஈரமான சாணம், ஒடிந்த இளம் பனை, பெரிய வட்டத் தடம் தெரிந்தால் பேச்சை நிறுத்தி வழிகாட்டி சொல்லும் பக்கம் விலகுங்கள். மெர்சிங் சாலையில் இரவில் வண்டி ஓட்டும்போதும் வேகத்தைக் குறையுங்கள்.

பையில் என்ன

காலணிக்கு விலை உயர்ந்த பூட்ஸ் தேவையில்லை. மலேசியர்கள் ‘கம்போங் அடிடாஸ்’ என்று சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, பால்மரம் வெட்டியவர்கள் காலம் காலமாகப் போட்டது, இந்த மண்ணுக்கு மிகவும் ஏற்றது. அடியில் பற்கள் இருக்கும், தண்ணீர் வடிந்துவிடும், விலையும் குறைவு. ஓர் அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறையுடன் போடுங்கள்.

ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலின் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றலும் குமட்டலும் வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி இரண்டு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். புளிச்சோறும் அவித்த முட்டையும் நல்ல மலைச் சாப்பாடு. தலைவிளக்கு, பகல் பயணமாக இருந்தாலும். ஊதல், மழைச்சட்டை, கட்டுத்துணி, முழு மின்னேற்றம் உள்ள கைப்பேசி, மாற்று மின்கலம். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் அலை கிடைக்காது, ஆனால் இருப்பிடம் காட்டும் வசதி அலை இல்லாமலும் வேலை செய்யும்.

அட்டைக்குப் பயப்படவேண்டாம். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. ஆகவே கொஞ்ச நேரம் வழியும். கழுவி, அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

ஓடையும் காட்டாற்று வெள்ளமும்

இந்த மலைகளில் உயிருக்கு முதல் ஆபத்து தண்ணீர்தான். மேலே எங்கோ பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே, ஒரே அலையாக இறங்கி வரும். மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையில் இப்படி வந்த வெள்ளம் அடிவாரத்தில் இருந்தவர்களை அடித்துக்கொண்டுபோய் உயிர்களைப் பறித்தது.

தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், நீர் மட்டம் விரல் கணக்கில் ஏறினால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். கரையோரமாகக் கீழ்நோக்கி ஓடக்கூடாது; வெள்ளம் உங்களை முந்திவிடும். திரும்பும் வழியில் ஓடை முழங்காலுக்கு மேல் வேகமாகப் போனால் கடக்காமல் காத்திருங்கள். சிறிய மலை ஓடை ஏறிய வேகத்திலேயே பெரும்பாலும் வடிந்தும் விடும். தலைவிளக்கும் மழைச்சட்டையும் அந்தக் காத்திருப்புக்காகத்தான்.

வழி தவறினால்

கடைசியாகத் தெரிந்த அடையாளத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தும் அடுத்தது தென்படவில்லை என்றால் நில்லுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது; அது அருவி விளிம்பிலோ சதுப்புக் காட்டிலோ கொண்டுபோய் விடலாம். மூன்று முறை ஊதல், சற்று இடைவெளி, மறுபடி மூன்று முறை. அலை கிடைத்தால் 999. இருப்பிட எண்களைப் படித்துச் சொல்லுங்கள்; தீயணைப்பு மீட்புப் படைக்கு அதுவே பெரிய உதவி. ஓரிடத்தில் இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது. நகர்ந்துகொண்டே இருப்பவரைத் தேடுவது பல மடங்கு கடினம்.

கிளம்புமுன் வீட்டில் ஒருவரிடம் மூன்று செய்திகளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் அவர் 999ஐ அழைக்கவேண்டும்.

இறங்கிய பிறகு

உடலில் அட்டையும் உண்ணியும் இருக்கிறதா என்று பாருங்கள். காயம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓடை நீரிலும் சகதியிலும் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். மலேசியாவில் 2018 முதல் மனிதரிடையே உள்ளூரில் பரவும் மலேரியா பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிலிருந்து கொசு வழியாக வரும் நோலசி மலேரியா இன்னும் காடு போகிறவர்களைத் தாக்குகிறது. அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எந்தச் சோதனை செய்வது என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.

அடுத்த மலை

இந்த இரண்டு மலைகளிலும் பன்னிரண்டு மணி விதியை மீறாமல் ஏறி இறங்கியவர்கள் பெரிய மலைகளுக்குத் தயார். ஜொகூரிலேயே உயரமான குனோங் லேடாங் 1,276 மீட்டர். தீவு மலை வேண்டுமானால் இதே சாலையில் மெர்சிங் போய், அங்கிருந்து படகில் தியோமான் தீவுக்குப் போகலாம். மெர்சிங் முகத்துவாரத்தில் கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பொறுத்தே படகு நேரம் அமையும். பருவமழை மாதங்களில் சேவை பெரும்பாலும் நின்றுவிடும். தீவிலுள்ள தெக்கெக் ஊரிலிருந்து மலையைத் தாண்டி ஜுவாரா ஊருக்குப் போகும் காட்டு நடை தீவுக்கு நல்ல அறிமுகம். தீவின் உச்சியான குனோங் காஜாங் 1,038 மீட்டர். உயரத்தில் அது பாந்தியைப்போல் இருமடங்கு. உழைப்பு அதைவிடப் பல மடங்கு. அங்கே மீட்புப் படை வந்து சேரவும் கடலைத் தாண்டவேண்டும். ஆகவே கோத்தா திங்கியில் பழகிய நான்கையும் அங்கே இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: அனுமதி, வழிகாட்டி, வானிலை, திரும்பும் நேரம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பயணத்தை வேறு நாளுக்குத் தள்ளி வையுங்கள்.